பற்றரி மாற்றிய கதை

கடந்த மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். கண்டி மலைகளின் மேற் படிந்த மூடுபனி இன்னும் கலையவில்லை. வைத்தியசாலைக் கிளினிக்கில் முதற் பத்து இலக்கங்களுள் ஒன்றைப் பிடித்துவிட வேண்டுமென்ற ஆவலோடு, கையிலே கிளினிக் கொப்பியும் தோளிலே சால்வையுமாக, எம் தாயார் வந்து வண்டியில் அமர்ந்துவிட்டார். நாமும் அமர்ந்து சாவியைத் திருப்பினோம். "டிக்" என்றது வண்டி. மறுபடியும் திருப்பினோம். "டிக்." மூன்றாம் முறை அந்த ஒலியும் இல்லை. முன்பலகையிலே மினுங்கிய சிவப்பு விளக்குகள் மாத்திரம், எண்ணெய் வற்றிய அகல் போலச் சோர்ந்து அணைந்தன.

"நேற்றே பார்த்து வைத்திருக்கக் கூடாதா, தம்பி?" என்றார் அம்மா. அதற்கு எம்மிடம் விடை இல்லை. ஏனெனில், நேற்றென்ன, ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே அந்த வண்டி எமக்குச் சைகை காட்டிக்கொண்டுதான் இருந்தது. காலையில் ஒரே உதறலில் எழும் இயந்திரம், நாலைந்து நாட்களாக முனகி முனகி எழுந்தது. கல்லூரியிலே உயர்தர மாணவருக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒருவர், தம் வீட்டு வாயிலில் நிற்கும் சேமிப்புக் கலம் சாகக் கிடப்பதை அறியாதிருந்தார் என்றால் நகைப்புக்கிடமே. ஆனால் உண்மை அதுதான்.

முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து அம்மாவை அழைத்துச் சென்றோம். கிடைத்த இலக்கம் முப்பத்தேழு. அன்றைய பொழுது வாங்குகளிலேயே கழிந்தது. அங்கே அமர்ந்திருந்த வேளையிற் சிந்தித்தவற்றையும், அதன் பின் நடந்தவற்றையுமே இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். பற்றரி என்பது ஒரு பெட்டி. அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் சற்றுப் பொறுமையோடு வாசிப்பார்களாக.

எமது சிறுபராயத்தில் மாமா ஒருவரிடம் மொறிஸ் மைனர் வண்டி ஒன்று இருந்தது. அதன் முன்புறத்தில் ஒரு துவாரம். அத்துவாரத்தினுள் 'ஹாண்டில்' எனப்படும் வளைந்த இரும்புக் கம்பியை நுழைத்துச் சுற்றினால் இயந்திரம் விழித்துக்கொள்ளும். பற்றரி இறந்தாலும் மாமாவுக்குக் கவலை இல்லை. அன்றியும், கண்டியிலே வீடு கட்டியவர்களுக்கு இயற்கை அளித்த ஒரு சலுகை உண்டு. சரிவான ஒழுங்கையில் முகம் கீழ்நோக்கி வண்டியை நிறுத்திவைத்தால், காலையில் பிரேக்கை விட்டு, இரண்டாம் கியரிலே கிளட்சை விடுவதுதான் தாமதம். மலை வண்டியை ஓட்டி வைக்கும். யாழ்ப்பாணத்தவர்க்கோ மட்டக்களப்பாருக்கோ இந்த வசதி ஏது? அங்கே அயலாரைத்தான் கூவி அழைக்க வேண்டும்.

அந்த ஹாண்டில் ஒரு பொல்லாத கருவி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் அவ்வாறு பலர் காயம்பட்டனர். அவ்விடர் தீர, சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் மின்னால் இயங்கும் ஸ்டார்ட்டரை உருவாக்க, 1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளில் அது பொருத்தப்பட்டு வந்தது. கைப்பலம் குறைந்தவர்களும் தனித்து வண்டி செலுத்த வழி பிறந்தது. ஆனால் அன்றோடு மோட்டார் வண்டிக்காரர் யாவரும் ஒரு கனத்த பெட்டிக்கு அடிமையானார்கள். எமது வண்டி கால் நூற்றாண்டை நெருங்கும் ஒரு டொயோட்டா விட்ஸ். தானியங்கிக் கியர் உடையது. இதற்கு ஹாண்டிலும் இல்லை, தள்ளி ஓட்டும் வழியும் இல்லை. மலைச்சரிவு எம் வாயிலிலேயே கிடந்தும் பயனில்லை.

மாலையில் வீடு திரும்பியபோது, புகையிரத சாரதியாக இருந்து ஓய்வுபெற்ற சிங்கள அயலவர் தம் வண்டியைக் கொண்டுவந்து எமது வண்டியின் மூக்கோடு மூக்காக நிறுத்தினார். "மாஸ்டர், கம்பி இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்றார். அவர் கம்பிகளை மாட்டிய ஒழுங்கை மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது. சிவப்புக் கம்பியின் ஒரு முனை இறந்த பற்றரியின் நேர்முனையில். மற்றது உயிருள்ள பற்றரியின் நேர்முனையில். கறுப்புக் கம்பியின் ஒரு முனை உயிருள்ளதன் மறைமுனையில். கடைசி முனையை இறந்த பற்றரியிற் கொடாமல், எட்டத்தே இயந்திரத்தின் வெறும் இரும்பிற் கவ்வவிட்டார். கடைசி இணைப்பிலே பொறி தெறிக்கும். பற்றரியின் அருகே ஐதரசன் வாயு கசிந்திருக்கக் கூடும். பொறியும் ஐதரசனும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதைப் பாடசாலையிலே பரிசோதனைக் குழாயிற் பார்த்திருப்பீர்கள். எந்தப் பாடநூலும் வாசியாமல், முப்பது ஆண்டு இயந்திரங்களோடு வாழ்ந்த பழக்கத்தாலேயே அம்மனிதர் அதனைச் செய்தார்.

வண்டி உயிர்த்தது. மறுநாட் காலை மீண்டும் இறந்தது.

இனி, அப்பெட்டிக்குள் நடப்பது என்ன? பிரான்சு தேசத்துக் கஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859இல் அமைத்த ஈயவமிலக் கலமே இன்றும் எம் வண்டிகளில் இருப்பது. இடையிலே 1881இல் கமில் போர் என்பவர் ஈயச் சட்டங்களிற் பசை அப்பும் முறையைக் கண்டார். ஏனைய திருத்தங்களை எல்லாம் விரித்துரைக்க இங்கே இடமில்லை. ஆறு அறைகள், அறைக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ற்று, ஆகப் பன்னிரண்டு. ஒரு தகடு ஈயம். எதிர்த் தகடு ஈயவீரொட்சைட்டு. இடையே ஐதான சல்பூரிக்கமிலம். மின்னைக் கொடுக்கும்போது இரு தகடுகளின் மேலும் ஈயசல்பேற்றுப் படிகிறது. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றும்போது அது அப்படியே பின்னோக்கித் திரும்புகிறது. அமிலத்தின் அடர்த்தியை அளந்தால் பற்றரியின் நாடியைப் பிடித்ததாகும்: முழு மின்னேற்றத்தில் நீரைப் போல் ஏறத்தாழ 1.28 மடங்கு, வெறுமையானால் 1.12 அளவுக்கு இறங்கிவிடும்.

மின்னேற்றாமல் வெறுமையாகவே விட்டுவிட்டால் அந்தச் சல்பேற்று இறுகிப் பெரும் பளிங்குகளாகிவிடுகிறது. பின்னர் எவ்வளவு மின்னைச் செலுத்தினாலும் கரைவதில்லை. பற்றரி மாண்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதனையே. வெப்பமும் அதற்கு யமன். கண்டியின் மிதமான காலநிலையிலே பற்றரி தாழ்நாட்டிலும் சற்று நீடித்து உழைப்பதற்குக் காரணம் இதுவே. எனினும் கண்டிக்கு வேறொரு சாபம் உண்டு. எம் வீட்டிலிருந்து கல்லூரிக்கு மூன்று கிலோமீற்றர். காலையிலே பேராதனை வீதியில் அந்த மூன்று கிலோமீற்றருக்கு நாற்பது நிமிடம். மழை பெய்தால், துடைப்பான் ஓடும், விளக்கு எரியும், கண்ணாடி மங்காதிருக்கக் குளிரூட்டியும் ஓடும். இயந்திரமோ நின்ற இடத்திலேயே மெல்லச் சுழலும். அவ்வேகத்தில் மின்பிறப்பாக்கி தருவது கொஞ்சம், செலவோ அதிகம்.

ஸ்டார்ட் செய்வதற்குத்தான் மின் வெகுவாகச் செலவாகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சிறு வண்டியின் ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுப்பதாகவும் மூன்று செக்கன் சுழல்வதாகவும் கொண்டால், செலவு 450 கூலோம். அதாவது அம்பியர் மணிக் கணக்கில் 0.125. நன்றாக ஓடும் வண்டி ஓரிரு நிமிடத்தில் அதனை ஈடுசெய்துவிடும். பற்றரியைத் தின்பது ஓடாமல் நிற்பதே. கடிகாரமும் திருடர் எச்சரிக்கைக் கருவியும் கூடி 30 மில்லியம்பியர் எடுக்கின்றன எனக் கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி. எமது பற்றரியின் கொள்ளளவு ஏறக்குறைய 35 அம்பியர் மணி. இருபத்துநான்கு நாளிற் பாதி போய்விடும்.

இந்தக் கணக்கை நாம் விலை கொடுத்துத்தான் கற்றோம். 2022ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். அவ்வாண்டு ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. அதற்கு முன்னும் பின்னும் மைல் கணக்கில் வரிசைகள். பின்னர் கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் வண்டிக்கு வாரம் இருபது லீற்றர் என்று முறை வகுத்தனர். அதுவரை எமது வண்டி ஏறத்தாழ இரண்டு மாதம் அசையாமல் நின்றது. நாமோ அதன் முனைக் கம்பியைக் கழற்றி வைக்கவும் தோன்றாதவராய், நடந்து கல்லூரிக்குப் போய் வந்தோம். பெற்றோல் கிடைத்த அன்று பற்றரி இல்லை.

நிற்க. இம்முறை எப்படியாவது அதனைப் பிழைப்பிக்கலாமா என்று பார்த்தோம். கல்லூரிப் பல்மானியைக் கொணர்ந்து அளந்தபோது 11.3 வோல்ற்று. நலமுடைய பற்றரி ஓய்விலே 12.6 காட்ட வேண்டும். கராஜ் ஒன்றிலே ஓரிரவு வைத்து மின்னேற்றினார்கள். காலையில் 12.3. மகிழ்ந்தோம். பாஸ் சிரித்துவிட்டு, "இப்போது சாவியைத் திருப்புங்கள்" என்றார். திருப்பியதும் முள் எட்டுக்கு விழுந்தது. ஓர் அறை செத்துவிட்டது என்பதே அதன் பொருள். ஆறு மாடுகள் பூட்டிய வண்டியிலே ஒரு மாடு படுத்துவிட்டால், எஞ்சிய ஐந்தும் அதனையும் சேர்த்து இழுக்கவேண்டி வரும் அல்லவா?

ஆகவே சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் நாம் வழமையாகப் போகும் கடைக்குப் போனோம். கடைக்காரர் எமக்கு நெடுநாட் பழக்கமானவர். நாம் அவரை நாநா என்போம், அவர் எம்மைச் சேர் என்பார். பழைய பற்றரியின் நெற்றியிலே பொறித்திருந்த '38 பி 20 எல்' என்ற எழுத்துக்களை மாத்திரம் பார்த்துவிட்டு, உள்ளே குரல் கொடுத்தார். இந்தச் சோதிட எழுத்துக்களின் பொருள் எளிது. 38 என்பது ஆற்றலின் தரம். பி என்பது பக்க அளவின் வகை. 20 என்பது நீளம், சென்ரிமீற்றரில். எல் என்பது முனைகள் எப்பக்கம் அமைந்தன என்பது. கடைசி எழுத்தைப் பாராமல் வாங்கினால் வண்டியின் கம்பி முனைக்கு எட்டாது. ஜப்பானிய முறை இது.

நாநா மூன்று விலைகளைச் சொன்னார். இறக்குமதியான ஒன்று, இரத்மலானையிலே செய்யப்படும் உள்நாட்டுப் பற்றரி ஒன்று, மூன்றாவதாகக் குரலைத் தாழ்த்தி, 'றீபில்ட்' ஒன்று. பழைய பற்றரிகளைப் பிரித்து, நல்ல தகடுகளைத் தெரிந்து கோத்து, புது அமிலம் ஊற்றி, புதுச் சாயமும் பூசி விற்பதே அம்மூன்றாவது. விலை பாதிக்கும் குறைவு. "ஆனால் சேருக்கு நான் அதைத் தரமாட்டேன். ஆறு மாதத்தில் திரும்பி வந்து என்னோடு கோபிப்பீர்கள்" என்றார். விற்க வேண்டியவர் விற்காதே என்று தம்மையே தடுத்துக்கொள்வது இக்காலத்தில் அரிய காட்சி. நாம் உள்நாட்டுப் பற்றரிக்கு ஒப்பினோம். விலை 27,500 ரூபா.

வீட்டிலே இந்தத் தொகையைச் சொன்னபோது எம் மனையாள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கணக்குக் கொப்பியை எடுத்து வந்து, "என்னங்க, இது பிள்ளையின் இரண்டு மாத ரியூசன் காசுக்கு மேலே" என்றாள். மகள் இவ்வாண்டு சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றுகிறாள். கொப்பியின் பழைய பக்கங்களைப் புரட்டியபோது ஒரு வேடிக்கை அகப்பட்டது. 2018இல் இதே அளவுப் பற்றரிக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்திருக்கிறோம். 2022 ஆகஸ்டில் முப்பதாயிரத்துக்கு மேல். இப்போது 27,500. பெட்டி அதே பெட்டி. ஈயமும் அதே ஈயம்.

மாறியது ரூபாவின் எடையே. 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாச் சொச்சமாக இருந்தது, மே மாதத்தில் 360 வரை போயிற்று. பின்னர் 300 அளவிற்கு வந்து நின்றது. ஈயத்தின் விலையோ டொலரிலே தீர்மானிக்கப்படுவது. இரத்மலானையில் வார்த்தாலும் அதன் நிறை டொலரிலேதான். அத்தோடு, 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதியை நிறுத்திவைத்திருந்த அரசு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வண்டிகளுக்கு வழி திறந்தது. திறந்தாலும், வரிகளைப் பார்த்த நடுத்தரக் குடும்பத்தார் வாயிலிலேயே நின்றுவிட்டனர். ஆதலால் எம்மைப் போன்றோர் கிழட்டு வண்டிகளைத் தேற்றித் தேற்றி ஓட்டுகின்றோம். வண்டி முதியதாக, உதிரிப்பாகச் செலவு ஏறுகிறது. முதியோர் விடயமும் அவ்வாறே என்று அம்மா அருகிலிருந்து சொன்னார். தம் கிளினிக் கொப்பியைத்தான் நினைத்தார் போலும்.

எமக்காவது 27,500. உடன் படிப்பிக்கும் நண்பர் ஒருவரிடம் கலப்பின வண்டி ஒன்று உண்டு. பெற்றோல் மிச்சம் என்று ஒரு காலத்தில் எம்மைப் பார்த்துக் கேலி பேசியவர். கடுகண்ணாவைச் சரிவிலே இறங்கும்போது பிரேக்கிலிருந்தே மின் சேர்கிறது என்று புகழ்வார்; அது உண்மையும் ஆகும். அவரது பிறியஸ் வண்டியின் பெரிய பற்றரி நிக்கல் உலோக ஐதரைட்டு வகையைச் சேர்ந்தது. 28 கூறுகள், கூறுக்கு 7.2 வோல்ற்று, ஆகமொத்தம் 201.6 வோல்ற்று. சென்ற ஆண்டு அதற்கு நோய் கண்டபோது, கேட்ட விலை இலட்சங்களில் இருந்தது. கூறு கூறாகப் பிரித்து, கெட்டதை மாத்திரம் மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளை நாடி அலைந்தார். ஒரு கூறு மாற்ற அடுத்தது கெட்டது; அதை மாற்ற மற்றது. இப்போது அவர் எம்மைக் கேலி பேசுவதில்லை.

மனையாளின் மனத்தைத் தேற்ற நாம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினோம். மூன்றாண்டு உழைத்தால் நாளொன்றுக்கு இருபத்தைந்து ரூபா. ஏறக்குறைய ஒரு பிளேன்ரீ. அவள் அசையவில்லை. "பிளேன்ரீக்காரன் மூன்று வருசக் காசை முன்கூட்டிக் கேட்பதில்லையே" என்றாள். பின்னர் நாம் இன்னொரு கணக்கும் போட்டோம். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு வோல்ற்றை முப்பத்தைந்து அம்பியர் மணியாற் பெருக்கினால் 420 உவாற்று மணி. மின்சார சபையின் அலகு ஒன்று 1,000 உவாற்று மணி. அப்பெட்டி நிறைய இருப்பது அரை அலகுக்கும் குறைந்த மின்னே! அதை வேண்டிய கணத்தில், வேண்டிய வேகத்தில், அடைமழையிலும் அள்ளித் தருவதற்காகவே அத்தனை ஆயிரம்.

இனிச் சொல்லப்போவதே நாம் சொல்ல நினைத்தது. பழைய பற்றரியைக் கொடுத்தால் விலையில் 1,500 ரூபா கழிப்பதாக நாநா சொன்னார். அப்பற்றரி ஏறக்குறைய பத்துக் கிலோ. அதில் அறுபது வீதம் ஈயம், ஆறு கிலோ. உலகச் சந்தையில் ஈயம் தொன் ஒன்று 2,000 டொலர் அளவில் விற்கும்போது, அந்த ஆறு கிலோவின் பெறுமதி 3,600 ரூபா வரும். ஆகவே இறந்த பற்றரிக்கும் ஆட்கள் போட்டியிடுகின்றனர். எம் ஒழுங்கைக்கு மாதமிருமுறை பழைய சாமான் வாங்க வரும் ஒருவர், 2,800 தருவதாகச் சொன்னார். வித்தியாசம் 1,300 ரூபா. கணக்குக் கொப்பியைக் கையில் வைத்திருந்த மனையாள் எம்மைப் பார்த்தாள்.

2022இல் இதே கேள்வி எழுந்தபோது நாம் இரண்டாம் முறை சிந்திக்கவில்லை. கடை தருவதாகச் சொன்னது ஆயிரம்; அவர் கொடுத்தது 2,800. அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. வாங்கிக்கொண்டோம். அவரும் சாக்கிலே கட்டித் தள்ளுவண்டியில் ஏற்றிப் போனார். அதற்குப் பின்னர் ஒரு நாள், நகருக்கு வெளியே, மகாவலியிலே கலக்கும் ஓர் ஓடையின் கரையோரமாக நாம் நடக்க நேர்ந்தது. தொண்டையைக் கரிக்கும் ஒரு புகை. தகரக் கொட்டில் ஒன்றின் பின்புறம், பிளந்த கறுப்புப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. அமிலம் ஊற்றிய இடத்தில் புல் இல்லை. மூன்று கற்களின் மேலே ஒரு பழைய இரும்புச் சட்டி. எம் மனிதர் அதற்கு ஊதிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்க சேர்" என்றார். நாலு வயது மதிக்கத்தக்க மகன் அருகிலே சாம்பல்நிறத் தூளைக் கையால் அள்ளிச் சிரட்டையில் நிரப்பிச் சோறு சமைத்து விளையாடினான். "சோறு சாப்பிடுங்க" என்று எமக்கும் ஒரு சிரட்டை நீட்டினான்.

அந்தக் குவியலில் எம்முடைய பெட்டி எது என்று எமக்குத் தெரியவில்லை. ஒன்று எம்முடையதாகத்தான் இருந்திருக்கும்.

ஈயத்தின் கேடு கண்ணுக்குப் புலனாகாதது. பிள்ளைகளின் உடல் பெரியோரின் உடலிலும் பல மடங்கு விரைவாக அதனை உறிஞ்சுகிறது. மூளை வளரும் பருவத்தில் அங்கே புகுந்து, கற்கும் திறனைக் குறைக்கிறது. காய்ச்சலோ புண்ணோ காட்டாமலே இது நிகழ்வதால் பெற்றார் அறிவதில்லை. வகுப்பிலே பின்வாங்கில் இருந்து "மக்கு" என்று பெயரெடுக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேர் இவ்வாறு ஆனவர்கள் என்று யார் கண்டார்? ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியமும் 'பியூர் ஏர்த்' என்னும் நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றிலொரு பிள்ளை, அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பிள்ளைகள், இரத்தத்திலே கவனிக்க வேண்டிய அளவு ஈயம் உடையவர்கள் என்று கூறிற்று. அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக அது சுட்டியது, முறையின்றி உருக்கப்படும் வாகனப் பற்றரிகளை. ஆபிரிக்காவிலே செனகல் நாட்டின் தலைநகர் டக்காரின் அருகே, தியாரோய் சுர் மேர் என்னும் ஊரில், 2007இன் இறுதிக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே பதினெட்டுப் பிள்ளைகள் மாண்டனர். அங்கும் பற்றரி பிளந்தோர் குடும்பங்களே. மண்ணிலே கலந்த ஈயத்தைச் சலித்தெடுத்த தாய்மாரின் பிள்ளைகளே.

ஈயம் தானாகத் தீயதன்று. முறையான உலைகளிலே உருக்கினால், ஒரு பற்றரியின் ஈயம் அப்படியே அடுத்த பற்றரியாகப் பிறக்கும். அமெரிக்காவிலே கழிந்த வாகனப் பற்றரிகள் ஏறத்தாழ முழுவதும் அவ்வாறு திரும்புகின்றன. எமது நாட்டிலும் இவை அட்டவணைப்படுத்திய கழிவுகளைச் சேர்ந்தவை. சேகரிக்கவும் உருக்கவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டம் இருக்கிறது. ஓடைக்கரைச் சட்டியும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நின்று தீர்மானிப்பது, பழைய பற்றரி யாருக்கு என்று கேட்கப்படும் அந்த ஒரு நிமிடம். அன்றைய தினம் வீட்டில் 1,300 ரூபாவுக்கு என்ன தேவை இருந்தது என்பது.

மனையாளிடம் அந்தச் சிரட்டைச் சோற்றைப் பற்றி நாம் அதுவரை சொன்னதில்லை. அன்றிரவு சொன்னோம். அவள் கொப்பியிலே '1,500' என்று எழுதி மூடினாள். வேறொன்றும் பேசவில்லை.

நாநா பழைய பற்றரியை வாங்கி, பின்னறையிலே மற்றவற்றோடு நிமிர்த்தி அடுக்கினார். கம்பனி லொறி வந்து ஏற்றும் என்றார். இதைக் கேட்டறிவது எம் கடமை என்று தோன்றியதால், எந்தக் கம்பனி, பற்றுச்சீட்டு உண்டா என்றெல்லாம் கேட்டோம். அவர் சற்று மனவருத்தத்தோடு, "சேர், என்னை நம்பமாட்டீர்களா?" என்று கேட்டுவிட்டு, பின்னர் தாமாகவே சேகரிப்பவர் கொடுத்த துண்டுகளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். இருபத்தாறாயிரம் எண்ணிக் கொடுத்தோம். பையன் ஒருவன் மறைமுனைக் கம்பியை முதலிற் கழற்றி, கடைசியிற் பூட்டி, முனைகளிலே கிறீஸ் தடவிக் கொடுத்தான். சாவியைத் திருப்பும் முன்பே இயந்திரம் எழுந்துவிட்டது போலிருந்தது.

அடுத்த வாரம் தள்ளுவண்டிக்காரர் வந்தார். பற்றரி எங்கே என்று கேட்டார். கடைக்குக் கொடுத்துவிட்டோம் என்றோம். "நான் கூடத் தருவதாகச் சொன்னேனே, சேர்" என்றார். குரலிலே கோபமில்லை, ஏமாற்றமே இருந்தது. உருக்குவதை வீட்டிலே வைத்துச் செய்யவேண்டாம், பிளக்காமல் முழுதாகவே கடைக்கு விற்றால் நாநா எடுப்பார், அதற்கு நாமே பேசித் தருகிறோம் என்றோம். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்க்கும்படியும் சொன்னோம். அவர் சிரித்தார். "அவனுக்கென்ன சேர், நல்லாத்தான் ஓடித் திரியிறான். இந்த வருசம் பள்ளிக்கூடத்திலே சேர்த்திருக்கு. எழுத்துத்தான் கொஞ்சம் மெதுவா வருது."

நாம் ஒன்றும் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை பிள்ளையை அழைத்து வரும்படியும், எமது வண்டியிலேயே நாம் கொண்டுபோய்க் காட்டுவதாகவும் மனையாள்தான் உள்ளிருந்து சொன்னாள். அவர் சரி என்பது போலத் தலையசைத்துவிட்டு, பழைய பத்திரிகைக் கட்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.